ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்குமா?

மழை பொய்த்து விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றும் ஆண்டுகளில் பழைய தெல்தெனிய நகரம் தலைகாட்டுகிறது. சேறு படிந்த அத்திவாரங்களும் இடிந்த சுவர்களும் பழைய வீதியின் தடமும் வெளியே தெரிகின்றன. கண்டியிலிருந்து சிலர் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். வேறு சிலர் தாம் பிறந்து வளர்ந்த இடம் எதுவென்று தேடிப் போகிறார்கள். 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. அதற்காக ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் வயலையும் தோட்டத்தையும் விட்டுப் புறப்பட்டன. சில குடும்பங்கள் திகன போன்ற அயலூர்களில் குடியேறின. பல குடும்பங்கள் மகாவலி 'சீ' வலயத்துக்கு, கிராந்துருக்கோட்டைப் பக்கம் போயின.

நீரில் மூழ்கிய அந்தத் தெல்தெனியவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இலங்கையின் முதலாவது கூட்டுறவுக் கடன் சங்கம் 1906ஆம் ஆண்டு அந்தத் தும்பறைப் பகுதியிலேதான் அமைக்கப்பட்டது. வட்டிக்காரரிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த கிராம மக்கள் தமது சில்லறைக் காசை ஒன்றுசேர்த்துத் தமக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் முறை அது. 1911இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. இன்று 'சணச' என்று நாம் அறியும் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கு அதுவே ஊற்றுக்கண்.

இந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். 'கடனுதவு' என்பதற்கு முன்னால் 'சிக்கன' என்ற சொல் நிற்கிறது. முதலில் சிக்கனம், பிறகுதான் கடன். இந்த ஒழுங்கை மாற்றியதால்தான் எம்மில் பலர் இன்று கடனில் நிற்கிறோம்.

இல்லாதவனுக்கு என்ன சிக்கனம்?

"இருப்பவன் சேமிக்கலாம். இடம்பெயர்ந்து வந்து கூலிக்குப் போகிற எமக்கு எதைச் சேமிப்பது?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாம் ஊரை விட்டு வந்தது ஊதாரித்தனத்தால் அல்ல. அணை வந்தது, கலவரம் வந்தது, போர் வந்தது, மண்சரிவு வந்தது. இவற்றில் எதையும் நாம் வரவழைக்கவில்லை. ஆகவே 'ஏழை வீண்செலவு செய்வதால்தான் ஏழையாக இருக்கிறான்' என்று எவராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. கூலி குறைவு என்பதற்கு மருந்து நியாயமான கூலிதான். சிக்கனம் அதற்குப் பதிலாகாது.

ஆனால் ஓட்டைப் பானையில் ஒரு குடம் ஊற்றினாலும் நிற்காது, பத்துக் குடம் ஊற்றினாலும் நிற்காது. கூலி கூடும்போது அந்தக் கூடுதல் காசு எமது வீட்டில் தங்குமா, கடைக்கும் வட்டிக்கும் போய்விடுமா என்பதை அந்த ஓட்டைதான் தீர்மானிக்கிறது.

மலையக மக்களுக்குக் கடனின் கதை புதிதல்ல. எமது முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்தபோதே வழிச்செலவுக்கான முற்பணம் கடனாக அவர்கள் தலையில் ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் பழைய தோட்டம் ஆளை விடும். ஆளுக்கு விலை அவனுடைய கடன்தான். 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அன்றைய துண்டு போய்விட்டது. இன்று கடைக் கொப்பியில் நாமே எழுதுவிக்கும் துண்டு மட்டும் போகவில்லை!

ஓட்டைகள் எங்கே?

பெரிய செலவை எல்லோரும் கவனிப்போம். சிறிய செலவை எவரும் கவனிப்பதில்லை. வெற்றிலை, சிகரெட், சந்தியில் ஒரு பிளேன்டீயும் வடையும், கைபேசிக்கு இன்னொரு சிறிய 'ரீலோட்' என்று ஒரு வீட்டில் நாளுக்கு நூறு ரூபா போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 3,000 ரூபா. ஆண்டுக்கு 36,500 ரூபா. இதை ஒரே தடவையில் எவராவது எமது பையிலிருந்து எடுத்தால் ஊரையே கூட்டிவிடுவோம். நூறு நூறாகப் போவதால் வாய் திறப்பதில்லை.

இரண்டாவது ஓட்டை சாராயமும் கசிப்பும். குடித்த காசு மட்டும் நட்டமல்ல. மறுநாள் வேலைக்குப் போகாத சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவு, சண்டையில் உடைந்த சாமான் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கணக்கில் எழுத முடியாத நட்டம் வேறு இருக்கிறது. அப்பா வரும் சத்தம் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டு மூலையில் ஒதுங்கும் பிள்ளையின் நட்டம் அது.

மூன்றாவது, சிறு பக்கற்று. கையில் காசில்லாதபடியால் 50 கிராம் மிளகாய்த் தூள் வாங்குகிறோம். அது 100 ரூபா என்றால் கிலோ 2,000 ரூபா விழுகிறது. மொத்தமாக வாங்குபவர் அந்த விலை கொடுப்பதில்லை. நாலு வீடு சேர்ந்து கிலோவாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் மிச்சம் எமக்கு. கொப்பிக் கடனுக்கு வாங்கும்போதோ விலை பேசும் வாயும் அடைபட்டுப் போகிறது.

நான்காவது, ஊருக்காகச் செய்யும் செலவு. பிள்ளை பெரியவளானால் மண்டபம், வீடியோ, பலகாரம், ஒலிபெருக்கி. பக்கத்து வீட்டார் முந்நூறு பேருக்குச் சோறு போட்டால் நாம் நானூறு பேருக்குப் போட வேண்டும் என்ற போட்டி. மொய் வந்து கடனை அடைக்கும் என்று நம்புகிறோம். வந்த மொய்யும் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்தானே? தீபாவளி முற்பணமும் அப்படித்தான். அது போனஸ் அல்ல. மாதாமாதம் எமது சம்பளத்திலேயே கழிக்கப்படும் எமது சொந்தக் காசு. இரண்டு நாளில் முடிந்த பண்டிகைக்குப் பல மாதம் அரைச் சம்பளம் வாங்குவதா?

ஐந்தாவது ஓட்டை எல்லாவற்றிலும் பெரியது. அதுதான் வட்டி. நூற்றுக்குப் பத்து மாத வட்டிக்கு 10,000 ரூபா வாங்கியவர் மாதம் ஆயிரம் வீதம் வட்டி மட்டும் கட்டினால் ஒரு வருடத்தில் 12,000 ரூபா கட்டியிருப்பார். முதல் அப்படியே இருக்கும். வீடு தேடி வந்த நுண்கடன் கம்பனிகளால் பெண்கள் பட்ட பாட்டை நாடே கண்டது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. ஒரு கடனை அடைக்க மறுகடன் வாங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டால் பிறகு சிக்கனமும் காப்பாற்றாது.

எதைக் குறைக்கக் கூடாது?

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. பிள்ளையின் முட்டையையும் பருப்பையும் குறைப்பது சிக்கனமல்ல. கர்ப்பிணித் தாயின் சாப்பாட்டைக் குறைப்பதும், கிளினிக் போகும் பஸ் காசை மிச்சம் பிடிப்பதும், நல்ல விதைக்குப் பதிலாக மலிவு விதை வாங்குவதும் நாளைக்குப் பெரிய செலவைக் கொண்டுவரும். பல வீடுகளில் செலவைக் குறைப்பது என்றால் அம்மா ஒரு நேரம் சாப்பிடாமல் இருப்பது என்றே அர்த்தமாகிவிட்டது. அதை மாற்ற வேண்டும். குறைப்பு அப்பாவின் சட்டைப்பையிலிருந்து தொடங்கட்டும்.

செலவைக் குறைப்பதற்கு வெட்டுவது மட்டும் வழியல்ல. கண்டிப் பகுதி வீட்டுத் தோட்டங்களைப் பாருங்கள். பலா, ஈரப்பலா, தென்னை, வாழை, மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று சிறிய நிலத்தில் அடுக்கடுக்காக நிற்கின்றன. வருடம் முழுவதும் ஏதாவது ஒன்று கறிச்சட்டிக்கோ சந்தைக்கோ வருகிறது. ஒரு பலாமரம் நிற்கும் வீட்டில் பலாக்காய்க் காலத்தில் அரிசிச் செலவு குறைகிறது. வாடகை வீட்டிலோ லயத்திலோ இருப்பவர்களும் பழைய வாளியில் மிளகாயும், வேலியோரம் வல்லாரையும் அகத்தியும் வைக்கலாம். 1980களிலிருந்து பரப்பப்பட்ட 'அநகி' அடுப்பு ஒரே நெருப்பில் இரண்டு சட்டி வைக்கும் களிமண் அடுப்பு. விறகும் மிச்சம், விறகு பொறுக்கும் நேரமும் மிச்சம்.

காசு மொத்தமாகக் கையில் வரும்போது

இடம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. மாதம் முழுக்கக் கையில் தங்காத காசு, ஒருநாள் நட்டஈடாகவோ ஊழியர் சேமலாப நிதியாகவோ மொத்தமாக வந்து சேர்கிறது. சேமலாப நிதிக்கு எமது சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும் தொழில் தருநரிடமிருந்து 12 வீதமும் சேர்கிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதை எடுக்கலாம். முப்பது வருட உழைப்பு அது. அந்தச் செய்தி வந்ததும் தூரத்து உறவும் வீடு தேடி வருகிறது, முச்சக்கரவண்டி விற்பவரும் வருகிறார்.

எனவே ஒரு விதி வைத்துக்கொள்வோம். மொத்தக் காசு வந்தால் மூன்று மாதம் அதைத் தொடக் கூடாது. மக்கள் வங்கியிலோ தேசிய சேமிப்பு வங்கியிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலும் போட்டு வையுங்கள். முதலில் வட்டி கூடிய கடனை அடையுங்கள். அடுத்து நிலம், வீட்டுக் கூரை, கிணறு, பசு என்று நிலைத்து நிற்பதற்குக் கொடுங்கள். தொலைக்காட்சி கடைசியில் வரட்டும்.

காசை வெறுமனே பூட்டி வைப்பதும் புத்தியல்ல. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் நூற்றுக்கு 70 வீதத்தை எட்டியது. பெட்டிக்குள் இருந்த ஆயிரம் ரூபா அங்கேயே சுருங்கிப் போயிற்று. விதைநெல், கோழி, பசு, நட்ட மிளகுக்கொடி இவையும் சேமிப்புத்தான் என்பதை அந்த வருடம் எமக்குச் சொல்லித் தந்தது.

இருபது வீடு சேர்ந்தால்

ஜேர்மனியில் பிரெடரிக் வில்ஹெல்ம் ரைபைசன் என்ற கிராமத் தலைவர் 1840களின் பஞ்சத்தில் வசதியுள்ளவர்களிடம் காசு சேர்த்து ஏழை விவசாயிகளுக்கு உதவினார். தருமம் எவ்வளவு காலத்துக்கு ஓடும்? கொடுத்தவர்கள் களைத்துப் போனார்கள். கடைசியில் 1864இல் விவசாயிகளே தமது காசைப் போட்டு, தாமே பொறுப்பேற்று நடத்தும் சங்கத்தை அமைத்தார். அந்த முறைதான் கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. இங்கே நலிந்துபோயிருந்த சங்கங்களை 1978இல் கேகாலை மாவட்டத்தின் வல்கமக் கிராமத்திலிருந்து பி. ஏ. கிரிவந்தெனிய மீண்டும் தட்டியெழுப்பினார்.

நாமும் கணக்குப் பார்ப்போம். இருபது வீடு, வீட்டுக்கு வாரம் 200 ரூபா. வாரம் 4,000. ஒரு வருடத்தில் 208,000 ரூபா. இதிலிருந்து ஒருவர் 10,000 ரூபா எடுத்து மாதம் ஆயிரம் வீதம் பத்து மாதத்தில் கட்டுகிறார். மீதிக் கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபா வட்டி என்றால் மொத்த வட்டி 550 ரூபாதான். அதே கடனை அதே விதமாகப் பத்து ரூபா வட்டிக்காரரிடம் கட்டினால் 5,500 ரூபா. அந்த 550 ரூபாவும் வெளியே போகவில்லை, எமது சங்கப் பெட்டியிலேயே இருக்கிறது.

சீட்டுப் பிடித்துப் பழகிய எமது பெண்களுக்கு இது புதிய வித்தையல்ல. சங்கம் நிலைக்கச் சில ஒழுங்குகள் மட்டும் வேண்டும். ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்களே சேர வேண்டும். வாரம் தவறாமல் ஒரே நாளில் கூட வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் காசை எண்ணிக் கணக்கை வாசிக்க வேண்டும். காசு ஒருவர் வீட்டில் தங்காமல் வங்கிக்குப் போக வேண்டும். பெட்டி ஒருவரிடம், திறப்பு இன்னொருவரிடம். தலைவரின் உறவினருக்கும் அதே விதி. வாக்குத் தவறியவரைச் சபையில் அவமானப்படுத்தாமல் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். நோய் வந்திருக்கலாம், வேலை நாள் குறைந்திருக்கலாம்.

இன்றிரவே தொடங்கலாம்

பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதாத பக்கம் நிச்சயம் இருக்கும். அதில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. எழுதத் தெரியாவிட்டால் பிள்ளை எழுதட்டும். ஒரு மாதம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். ஐந்து ரூபா வெற்றிலையையும் விடாதீர்கள். மாத முடிவில் குடும்பம் முழுவதும் கூடியிருந்து வாசியுங்கள். எவரையும் குற்றஞ்சாட்டாதீர்கள். "இதில் எது இல்லாமல் இருக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். ஒன்றையாவது ஒவ்வொருவரும் தாமாகவே சொல்லட்டும். சொன்ன தொகையைச் சம்பள நாளிலேயே, கடைக்குப் போகுமுன், தனியே எடுத்து வையுங்கள். செலவு போக மிஞ்சுவதைச் சேமிக்க நினைத்தால் ஒருநாளும் மிஞ்சாது.

வயலை விட்டு வந்தோம், வீட்டை விட்டு வந்தோம். ஆனால் சிறுகக் கட்டிப் பெருக வாழத் தெரிந்தவர்களாகத்தான் வந்தோம். அறுவடையில் முதலில் விதைநெல்லை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் உலையில் அரிசி போட்ட விவசாயிகள் நாம். பட்டினி கிடந்த மாதத்திலும் அந்த விதைநெல்லில் கை வைக்கவில்லை. அதே பழக்கம்தான் இப்போதும் வேண்டியிருக்கிறது. இம்முறை ஒதுக்க வேண்டியது நெல்லுக்குப் பதிலாகக் காசு. அவ்வளவுதான்.