பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கினால் என்ன ஆகும்? நியூசிலாந்துச் சட்டம் காட்டும் விடை

வயது வந்த ஒருவர் தம் சம்மதத்துடன் பணம் பெற்றுக்கொண்டு பாலுறவுக்கு இணங்குவதைச் சட்டம் எப்படிக் கையாள வேண்டும் என்ற கேள்விக்கு உலக நாடுகள் கண்டுள்ள விடைகள் ஏறத்தாழ நான்கு வகைப்படும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பணம் பெறுபவரும் கொடுப்பவரும் குற்றவாளிகளே. சுவீடனில் 1999ஆம் ஆண்டு முதல் பணம் கொடுப்பவர் மட்டும் தண்டிக்கப்படுகிறார். ஜெர்மனியும் நெதர்லாந்தும் தொழிலை அனுமதித்து, அதற்கென்றே தனி உரிமங்களையும் விதிகளையும் வகுத்து, அந்த வரம்புக்குள் நடப்பதை மட்டும் ஏற்கின்றன; இம்முறை சட்டபூர்வமாக்கல் எனப்படும். நியூசிலாந்து 2003இல் தேர்ந்துகொண்ட நான்காம் முறையில், இத்தொழில் குற்றவியல் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டு, பிற தொழில்களுக்குரிய தொழிலாளர் நலச் சட்டங்கள், பணியிடப் பாதுகாப்பு விதிகள், ஊராட்சி விதிகள் ஆகியவற்றின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. இது குற்றநீக்கம் எனப்படும். ஆள்கடத்தல், கட்டாயப்படுத்துதல், 18 வயதுக்குட்பட்டோரை ஈடுபடுத்துதல் ஆகியவை இந்த நான்கு முறைகளிலும் கடுங்குற்றங்களாகவே நீடிக்கின்றன. பொது விவாதங்களில் பின்னிரு முறைகளும் ஒன்றாகக் கலந்து பேசப்படுவதால், ஜெர்மனியில் நேர்ந்த கேடுகளைக் காட்டி நியூசிலாந்தின் வழியை மறுப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டும் அடிப்படையிலேயே வேறுபட்டவை என்பதை அவற்றின் விளைவுகளே காட்டும்.

2003க்கு முன்பு நியூசிலாந்தில் பாலுறவுக்குப் பணம் பெறுவது தனியே குற்றமாக இருக்கவில்லை. ஆயினும் வாடிக்கையாளரை அழைப்பது 1981ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின்படியும், விடுதி நடத்துவதும் பிறர் வருமானத்தில் வாழ்வதும் 1961ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தின்படியும் தண்டனைக்குரியவையாக இருந்தன. மசாஜ் நிலையம் என்ற பெயரில் இயங்கிய இடங்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் அளித்தது. அங்கு வேலை செய்த பெண்களின் பெயர்களோ காவல்துறையின் பதிவேட்டுக்குச் சென்றன. இவ்வாறு தொழிலை அனுமதித்தபடியே அதைச் செய்வதற்குத் தேவையான ஒவ்வொரு செயலையும் குற்றமாக்கியதன் பயனாக, அறையில் ஆணுறை கிடந்தாலே அதைச் சான்றாகக் கொண்டு வழக்குத் தொடரக்கூடிய நிலை இருந்தது. தாக்கப்பட்ட பெண் காவல் நிலையத்துக்குப் போனால் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டவளாவாள் என்பதால், அவளைத் தாக்கியவனுக்கு அந்த அச்சமே காவலாக அமைந்தது.

இந்நிலையை மாற்றும் முயற்சி அரசிடமிருந்து தொடங்கவில்லை. 1987இல் பாலியல் தொழிலாளர்களே கூடி அமைத்த நியூசிலாந்து பாலியல் தொழிலாளர் கூட்டமைப்பும், அதன் முன்னணிச் செயற்பாட்டாளரான கேத்தரின் ஹீலியும், எய்ட்ஸ் தடுப்புப் பணியோடு சட்டத் திருத்தக் கோரிக்கையையும் நெடுங்காலம் முன்னெடுத்தனர். தொழிற்கட்சி உறுப்பினர் டிம் பார்னெட் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த சட்டம், முன்பு தாமே பாலியல் தொழிலாளியாக இருந்தவரும் உலகின் முதல் திருநங்கை நாடாளுமன்ற உறுப்பினருமான ஜார்ஜினா பேயரின் உருக்கமான உரைக்குப் பின், 2003 ஜூன் 25ஆம் நாள் 60க்கு 59 என்ற வாக்குகளில், ஓர் உறுப்பினர் வாக்களிக்காமல் விலகிய நிலையில் நிறைவேறியது. சட்டத்தை எழுதும்போது அதனால் ஆளப்படவிருந்தவர்களின் சொல் கேட்கப்பட்டது என்பதே அதன் உட்பிரிவுகளின் தரத்துக்குக் காரணம் என்று துணிந்து கூறலாம்.

அவ்வுட்பிரிவுகள் தனித்துக் கவனிக்கத்தக்கவை. நான்கு பேர் வரை ஓரிடத்தில் சேர்ந்து, ஒருவருக்கொருவர் முதலாளியாக இல்லாமல், தத்தம் வருமானத்தைத் தாமே வைத்துக்கொண்டு தொழில் செய்வதாயின் அவர்களுக்கு எவ்விதச் சான்றிதழும் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட விடுதியை நடத்துபவர் சான்றிதழ் பெற வேண்டும். அதை வழங்குவது காவல்துறை அன்று, நீதிமன்றப் பதிவாளர். தொழிலாளியின் பெயரோ எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பணம் பெற்றுக்கொண்ட பிறகும், ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகும்கூட எந்த நொடியிலும் மறுத்துவிடும் உரிமை அவருக்கு உண்டென்று 17ஆம் பிரிவு கூறுகிறது. இத்தொழிலைச் செய்ய மறுப்பதையோ அதைவிட்டு விலகுவதையோ காரணமாகக் காட்டி ஒருவரின் அரசு உதவித்தொகையைக் குறைக்கக் கூடாதென்று 18ஆம் பிரிவு விதிக்கிறது; வறுமையின் நெருக்கடியால் யாரும் தொழிலுக்குள் தள்ளப்படக் கூடாது என்ற அக்கறை இங்கே சட்டத்தின் மொழியிலேயே பதிவாகியுள்ளது. ஆணுறை கட்டாயம், மீறும் வாடிக்கையாளருக்கு 2,000 டாலர் வரையும், அலட்சியம் காட்டும் விடுதி நடத்துநருக்கு 10,000 டாலர் வரையும் அபராதம் உண்டு. மிரட்டியோ கட்டாயப்படுத்தியோ ஒருவரை ஈடுபடுத்தினால் 14 ஆண்டு வரை சிறை. 18 வயதுக்குட்பட்டவரிடம் செல்பவருக்கும் அவரை ஈடுபடுத்துபவருக்கும் 7 ஆண்டு வரை சிறை. அந்தச் சிறாரின்மீது மட்டும் வழக்குப் பதிய முடியாது.

சட்டம் வந்தால் தொழில் பெருகும் என்பதே எதிர்ப்பாளர்களின் முதன்மை வாதமாக இருந்தது. ஐந்தாண்டுகளுக்குள் விளைவுகளை ஆராய்ந்து அறிக்கை அளிக்கச் சட்டத்திலேயே வழி செய்யப்பட்டிருந்ததால், இவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. கிறைஸ்ட்சர்ச் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஐந்து பகுதிகளில் 772 பாலியல் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வும், அதன் துணையோடு மறுஆய்வுக் குழு 2008இல் வெளியிட்ட அறிக்கையும், குறிப்பிடத்தக்க பெருக்கம் எதையும் காணவில்லை. கிறைஸ்ட்சர்ச் நகரில் 1999இல் 375ஆக இருந்த எண்ணிக்கை 2006இல் 392ஆக இருந்தது. இத்தொழிலுக்கு மக்கள் வருவது பணத் தேவையால். தண்டனைச் சட்டம் இருப்பதும் இல்லாததும் அத்தேவையைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

மாற்றம் நிகழ்ந்தது வேறிடத்தில். கேட்கப்பட்டவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தமக்குச் சட்ட உரிமைகள் உண்டென்பதை அறிந்திருந்தனர். 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விரும்பாத வாடிக்கையாளரை மறுப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது என்றனர். 2014இல் வெலிங்டன் விடுதி ஒன்றில் வேலை செய்த பெண், அதன் நடத்துநர் தம்மிடம் பாலியல் சீண்டலில் ஈடுபட்டதாகத் தொடுத்த வழக்கில், மனித உரிமை மறுஆய்வுத் தீர்ப்பாயம் அவருக்கு 25,000 டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பாலியல் தொழில் செய்யும் பெண்ணைச் சீண்டுவதும் சீண்டலே என்று ஒரு நீதி அமைப்பு வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட இத்தீர்ப்பு, பழைய சட்டத்தின்கீழ் நினைத்துப் பார்க்கவும் இயலாதது. ஏனெனில் அப்போது அவர் வாய் திறந்திருந்தால் விடுதியே மூடப்பட்டிருக்கும், அவருடைய பிழைப்பும் போயிருக்கும்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. வன்முறையைப் பொறுத்தவரை சட்டத்தால் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது என்றே ஆய்வில் பங்கேற்றோரில் பெரும்பாலோர் கருதினர். தெருவில் நிற்கும் பெண்களுக்கு ஆபத்து நீடித்தது. தெற்கு ஆக்லாந்தின் மனுகாவ் பகுதியில் இரவுநேரச் சத்தமும் குப்பையும் குறித்துக் குடியிருப்போர் எழுப்பிய நியாயமான புகார்களுக்கு விடையாக, தெருத் தொழிலைத் தடைசெய்யும் மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டன. எவையும் சட்டமாகவில்லை, புகார்களும் முற்றிலும் தீரவில்லை. மிகப் பெரிய குறை 19ஆம் பிரிவு. தற்காலிக விசாவில் உள்ளோர் பாலியல் தொழிலில் ஈடுபட்டால் நாடு கடத்தப்படலாம் என்கிறது அது. ஆள்கடத்தலைத் தடுப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டாலும், பிற நாட்டிலிருந்து வந்த பெண் தன்னைச் சுரண்டுபவனைப் பற்றிப் புகார் செய்யத் துணியாதபடி அது அவளைத் தடுக்கிறது. உள்நாட்டுப் பெண்களிடமிருந்து 2003இல் அகற்றப்பட்ட அச்சம் வெளிநாட்டுப் பெண்களிடம் அப்படியே விடப்பட்டது.

ஜெர்மனியின் வரலாறு வேறு. 2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், பாலியல் தொழிலாளி தமக்குரிய கட்டணத்தை நீதிமன்றம் வழியாகப் பெறவும், சமூகக் காப்பீட்டில் சேரவும் வழிவகுத்தது. விடுதிகளுக்கு முறையான உரிம விதிகளோ கண்காணிப்போ அதில் இல்லை. எனவே பெருமுதலீட்டில் பல மாடி விடுதிகள் எழுந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2004இலும் 2007இலும் கிழக்கு நோக்கி விரிவடைந்தபோது, ருமேனியா, பல்கேரியா போன்ற நாடுகளிலிருந்து வறுமையால் வந்த பெண்கள், மொழியும் உரிமையும் அறியாமல் அவ்விடுதிகளுக்கு நாள் வாடகை செலுத்துவோராயினர். தொழிலாளி விடுதிக்குக் கடன்பட்ட நிலையில் நாளைத் தொடங்கும் ஏற்பாட்டில், மறுக்கும் உரிமை ஏட்டளவிலேயே நிற்கும். இதைச் சரிசெய்ய 2017 ஜூலையில் வந்த புதிய சட்டம் விடுதிகளுக்கு உரிமத்தையும், ஆணுறையையும், தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் அரசுப் பதிவையும் கட்டாயமாக்கியது. 2019 முடிவில் பதிந்திருந்தவர்கள் சுமார் 40,400 பேர். கொரோனாக் காலமான 2021 முடிவில் சுமார் 23,700 பேர். தொழிலில் உள்ளோரின் எண்ணிக்கை இதைவிடப் பன்மடங்கு என்பதே பொதுவான மதிப்பீடு. பெயர் வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சத்தால் பதிவைத் தவிர்ப்பவர் மீண்டும் சட்டத்துக்குப் புறம்பானவராகிறார். பதிந்தவர், பதியாதவர் என்ற இரு சாதிகளை உண்டாக்குவது கட்டாயப் பதிவின் தவிர்க்க முடியாத விளைவு.

சட்டபூர்வமாக்கல் ஆள்கடத்தலைப் பெருக்குகிறது என்ற வாதத்துக்கு ஆதாரமாக, ஏறத்தாழ 150 நாடுகளின் தரவுகளைக் கொண்டு சோ, ட்ரெயர், நொய்மாயர் ஆகிய மூவர் 2013இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி காட்டப்படுகிறது. தொழில் சட்டபூர்வமாக உள்ள நாடுகளில் ஆள்கடத்தல் வரவு அதிகமாகப் பதிவாகிறது என்பது அதன் முடிவு. ஆனால் ஆள்கடத்தல் மறைவில் நடப்பதால், பதிவான எண்ணிக்கை உண்மை அளவைக் காட்டுவதாகக் கொள்ள முடியாது. நன்கு தேடும் நாட்டில் அது அதிகமாகவே தெரியும். தரவின் இக்குறையை ஆய்வாளர்களே சுட்டியுள்ளனர். இதற்கு எதிர்த்திசையில் நிற்பது அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் அனுபவம். 1980இல் செய்யப்பட்ட ஒரு திருத்தத்தால் உள்ளரங்கில் நடக்கும் பாலியல் தொழிலைத் தண்டிக்கும் பிரிவு அங்கே அறியாமலே விடுபட்டிருந்தது; 2003இல் நீதிமன்றம் அதை உறுதிசெய்ததிலிருந்து 2009இல் மீண்டும் குற்றமாக்கப்பட்டது வரையான காலத்தை கன்னிங்ஹாம், ஷா என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து, காவல்துறையில் பதிவான வன்புணர்வுக் குற்றங்கள் சுமார் 30 விழுக்காடும், பெண்களிடையே கொனோரியா என்னும் வெட்டை நோய் சுமார் 40 விழுக்காடும் குறைந்ததாகக் கண்டனர். இக்குறைவு பாலியல் தொழிலாளரை மட்டுமன்றி ஊர் முழுவதையும் சார்ந்தது என்பது, இச்சிக்கலை ஒரு சிலரின் சிக்கலாக ஒதுக்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

சுவீடன் முறையை ஆதரிப்போர், வறுமையில் பிறக்கும் சம்மதம் உண்மையான சம்மதமாகாது என்கின்றனர். அது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. ஆயினும் வாடிக்கையாளரைத் தண்டிப்பதால் வறுமை தீர்வதில்லை. பிடிபட அஞ்சும் வாடிக்கையாளர் இருட்டான இடத்தையும் அவசரப் பேச்சையும் நாடுகிறார், அவரைக் கணித்து மறுப்பதற்கான நேரம் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. 2022இல் குற்றநீக்கம் செய்த பெல்ஜியம், 2024 டிசம்பர் முதல் வேலை ஒப்பந்தத்தையும் மகப்பேறு விடுப்பையும் ஓய்வூதியத்தையும் பாலியல் தொழிலாளருக்கு உரித்தாக்கியிருப்பது, ஐரோப்பாவிலேயே வேறு வழியும் உண்டென்பதைக் காட்டுகிறது.

இந்தியாவின் நிலை 2003க்கு முந்தைய நியூசிலாந்தின் நிலையே. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் பாலியல் தொழிலை நேரடியாகக் குற்றமாக்கவில்லை; ஆனால் இரண்டு பெண்கள் பரஸ்பர ஆதாயத்துக்காக ஓரிடத்தைப் பயன்படுத்தினாலே அதை விடுதியாகக் கருதுகிறது. நியூசிலாந்தில் பாதுகாப்புக்காக ஊக்குவிக்கப்படும் ஏற்பாடு இங்கே கடுங்காவல் தண்டனைக்குரியது. பிறர் வருமானத்தில் வாழ்வதைத் தண்டிக்கும் 4ஆம் பிரிவு, புரோக்கரை மட்டுமன்றி, அப்பெண்ணை நம்பி வாழும் முதிய தாயையும் 18 வயது கடந்த மகளையும் எட்டுகிறது. வாடிக்கையாளரை அழைப்பதற்காக 8ஆம் பிரிவில் தண்டிக்கப்படும் பெண்ணைச் சிறைக்கு மாற்றாகத் திருத்த இல்லத்தில் 2 முதல் 5 ஆண்டு வரை வைத்திருக்கவும் சட்டம் இடமளிக்கிறது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது, சென்னையில் இவ்வாறு அரசு இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்த மாதிரிகளில்தான். பெண்களை அடைத்துவைத்த ஏற்பாடு அவர்களை நோயிலிருந்து காக்கவில்லை. அவர்களையே நலப்பணியாளர்களாக்கிய முயற்சி காத்தது: கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய திட்டம், 1995இல் தர்பார் மகளிர் ஒருங்கிணைப்புக் குழுவாகவும், வட்டிக்காரர்களிடமிருந்து மீட்கும் கூட்டுறவுச் சங்கமாகவும் வளர்ந்தது.

2022 மே 19ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் கண்ணியமான வாழ்வு பாலியல் தொழிலாளருக்கும் உரியது என்று கூறி, ஆணுறையைக் குற்றச் சான்றாகக் கொள்ளக் கூடாது, விருப்பத்துக்கு மாறாக இல்லங்களில் வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களை விடுவிக்க ஆய்வு நடத்த வேண்டும் என்பன உள்ளிட்ட, தான் அமைத்த குழுவின் பரிந்துரைகளைக் கடைப்பிடிக்க உத்தரவிட்டது. குழு அளித்த 10 பரிந்துரைகளில் நான்கை மத்திய அரசு ஏற்கத் தயங்கியதால், அவை உத்தரவில் இடம்பெறவில்லை. சம்மதத்துடன் ஈடுபடும் வயதுவந்தோர்மீது காவல்துறை நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நீதிமன்றத்தின் உத்தரவு, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரைக்குமான இடைக்கால ஏற்பாடு மட்டுமே. விடுதி என்பதற்கான வரையறையையும், 4ஆம் பிரிவையும், 8ஆம் பிரிவையும் திருத்துவதற்குப் பெரும் செலவோ புதிய துறையோ தேவையில்லை. அத்திருத்தத்தை எழுதும் அறையில் அப்பெண்களுக்கும் இடம் அளித்து நாடாளுமன்றம் பணியைத் தொடங்க வேண்டும்.