நோயுற்ற வீட்டுப் பிராணியை வைத்தியரிடம் கொண்டு செல்ல முன்னாயத்தம்

தோட்டத்துக்குக் காவலான நாயும், பாலும் எருவும் தரும் ஆடு மாடுகளும் தீவகக் கமக்காரரின் குடும்பத்தோடு ஒன்றியவை. இவற்றுக்குத் திடீரென நோயோ நஞ்சோ நேரிடின், காலந்தாழ்த்துதல் உயிருக்கே இடராகும். ஊர்காவற்றுறை, வேலணைப் பகுதியினர் பண்ணைப் பாலத்தின் வழியே தரை மார்க்கமாக யாழ்ப்பாணம் செல்லலாம். நயினாதீவு, நெடுந்தீவு மக்களோ முதலிற் படகேறிக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைதல் வேண்டும். நெடுந்தீவிலிருந்து இப்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். கடைசிப் படகு சென்ற பின்னரும், கடல் கொந்தளிக்கும் நாளிலும் அவ்வழி அடைபடும். ஆதலின் ஆயத்தங்கள் நோய் வருமுன்னரே செய்யப்படல் வேண்டும்.

நோய் வருமுன்

தமது பிரிவுக்குரிய அரச கால்நடை வைத்தியர் அலுவலகம், படகோட்டி, குறிகட்டுவானில் வாகனம் வைத்திருப்பவர் ஆகியோரின் தொலைபேசி எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தல் நன்று. விடுமுறை நாளிலும் இரவிலும் எவரை அழைப்பது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். தடுப்பூசி அட்டையையும், பசு சினைப்பட்ட நாளையும் குறித்து வைத்தல் அவசியம். பசு ஏறத்தாழ 280 நாளிலும், ஆடு ஏறத்தாழ 150 நாளிலும் ஈனும். அந்நாளை அறிந்தவர், படகில்லாத இரவில் கன்று சிக்கித் திகைக்க நேராவண்ணம் வைத்தியரிடம் முன்கூட்டியே ஆலோசனை பெறலாம்.

புறப்படுமுன்

மாட்டின் இடப்பக்க வயிறு முரசுபோல் உப்புதல், மூச்சுத் திணறல், வலிப்பு, வாயில் நுரை தள்ளல், பாம்புக் கடி, நெடுநேரம் முக்கியும் கன்று வெளிவராமை ஆகியன உடனடி ஆபத்தின் அறிகுறிகளாம். இவற்றைக் கண்டதும் முதலில் வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தல் வேண்டும். பெரிய மாட்டைப் படகில் ஏற்றுவதிலும் வைத்தியரை வரவழைப்பதே பெரும்பாலும் தகும். நோய் தொடங்கிய நேரம், கடைசியாக உண்ட உணவு, கொடுத்த மருந்து, சாணம் சிறுநீர் கழித்த விதம் ஆகியவற்றை எழுதிக்கொள்க. மிளகாய், வெங்காயத் தோட்டத்திற் பூச்சிகொல்லி தெளித்த பின் நோய் கண்டதாயின், அம்மருந்துப் போத்தலின் லேபலைத் தவறாது கொண்டு செல்க. மருந்தின் பெயர் தெரிந்தாலன்றி உரிய மாற்று மருந்தைத் தெரிதல் கடினம்.

வழியில்

ஆட்டை நான்கு கால்களையும் கட்டிப் பக்கவாட்டிற் கிடத்தலாகாது. அவ்வாறு கிடப்பின் வயிற்றில் வாயு தங்கி மூச்சு முட்டும். மார்பு தரையிற் படியுமாறு சாக்கின்மேல் அமர்த்துக. வலியால் நாய் தன் எசமானையும் கடிக்கக்கூடும். ஆதலால் துணியால் வாயைக் கட்டலாம். வாந்தியெடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் அவ்வாறு கட்டலாகாது. படகில் வெயில் படாமல் நிழல் அமைத்தல் வேண்டும்.

செய்யத் தகாதன

மயங்கிய பிராணியின் வாயில் எண்ணெயோ நீரோ ஊற்றினால் அது நுரையீரலுட் புகும். மனிதருக்குரிய வலி மாத்திரைகள் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சாகலாம். பாம்பு கடித்த இடத்தைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கே பயக்கும். பிராணியை நடக்க விடாது தூக்கிச் செல்க.

காரணமின்றிச் சீறும் நாயையும், விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கும் நாயையும் மாட்டையும் வெறுங்கையாற் தொடலாகாது, விசர் நோயாயிருக்கலாம். இந்நோய் தோன்றிய பின் மனிதரும் பிழைப்பதரிது. கடியோ கீறலோ பட்டவர் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீருங் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். முதலில் மனிதர், பின்னரே பிராணி.

கடலும் காற்றும் கமக்காரரின் வசப்பட்டவை அல்ல. சுவரிலுள்ள எண்களும், குறித்து வைத்த நாட்களும், எடுத்து வைத்த லேபலும் அவர் வசத்தில் உள்ளவை. படகு புறப்படுமுன் அவை கையிலிருப்பின், பல உயிர்கள் கரைசேரும்.