பழைய கணினியில் புதிய மென்பொருள்: எதை மாற்றுவது, எதை விடுவது?

2022 மார்ச்சில் இலங்கை ரூபாய் மிதக்கவிடப்பட்டபோது 200 ரூபாயளவில் இருந்த டொலர், இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. புதுக் கணினி வாங்க நினைத்திருந்த பல வீடுகளும் தொடர்பாடல் நிலையங்களும் இருந்ததையே தூசு தட்டி வைத்துக்கொண்டன. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றபோது சிக்கலில் மாட்டியவை இந்தக் கணினிகள்தான். மைக்ரோசொப்ட் அறிவித்த நீடிப்புத் திட்டமும் தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரைதான்.

விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அது 4 ஜிபி றாம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு எல்லாம் கேட்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். ரூஃபஸ் போன்ற கருவியால் இந்தச் சோதனைகளைத் தாண்டி நிறுவித் தருபவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் தொடர்ந்து கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசொப்ட் தருவதில்லை. கோர் 2 டூவோ காலத்துக் கணினியில் 2024இன் 24எச்2 பதிப்பு எந்த வழியிலும் ஓடாது. அதற்குத் தேவையான கட்டளைகளே அந்தப் புரொசசரில் இல்லை.

எதையும் மாற்றுமுன் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற நிரல் 100 சதவீதத்தில் சிவந்து நிற்க, புரொசசர் 20 சதவீதத்தில் சும்மா இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் ஹாட் டிஸ்க்தான். றாம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது. சுழலும் தட்டில் ஊசிமுனை இடம் மாறி மாறி ஓட வேண்டியிருப்பதால், விநாடிக்கு நூறு தடவையளவில்தான் அதனால் தேடியெடுக்க முடியும். எஸ்எஸ்டியோ பல்லாயிரம் தடவை எடுக்கும். ஆகவே கையில் இருக்கும் பணத்தை முதலில் எஸ்எஸ்டிக்குப் போடுங்கள், அடுத்தது றாமுக்கு. பழைய லேப்டொப்பின் ஹாட் டிஸ்க் இருந்த இடத்திலேயே இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்திவிடும்.

திருகோணமலையின் சீனன்குடா போன்ற துறைமுகக் கரையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் றாமின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கிவிடும். கணினி கறுப்புத் திரையோடு நிற்கும், அல்லது இடையில் உறைந்துபோகும். மின்னிணைப்பைக் கழற்றி, றாமை எடுத்து, வெள்ளை அழிறப்பரால் முனைகளை மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துத் திரும்பச் செருகினால் பல கணினிகள் எழும்பிவிடும். இதைச் செய்யாமல் மென்பொருளை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

அதன்பின் இயங்குதளம். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எப்சிஈ பதிப்பும் லுபுண்டுவும் இலவசம், பாரம் குறைந்தவை, பாதுகாப்பு அப்டேட்களும் வந்துகொண்டிருப்பவை. மின்ட் 22க்கு 2 ஜிபி றாம் போதும், 4 இருந்தால் நிம்மதி. இத்தகைய கட்டற்ற மென்பொருள் நமக்கு அந்நியமானதுமல்ல. 2004 சுனாமி நமது கரையோரத்தைச் சிதைத்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சகனா மென்பொருள், பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது.

ஆனால் லினக்ஸ் போட்டால் எல்லாம் பறக்கும் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். இன்றைக்குக் கணினியின் உண்மையான பாரம் பிரவுசர். யூடியூப் ஒரு டேப், ஜிமெயில் ஒரு டேப், பிள்ளையின் சூம் வகுப்பு ஒன்று என்று திறந்தால், எந்த இயங்குதளத்திலும் 2 ஜிபி கரைந்துவிடும். லினக்ஸில் இசட்றாம் வசதியை இயக்கினால் றாமில் உள்ளவற்றைச் சுருக்கி வைத்துக் கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும். அவ்வளவுதான்.

தட்டச்சு வேலை செய்பவர்களுக்கு வேறு கவலைகள். பாமினியில் அடித்த பழைய கோப்புகள் லிப்ரே ஆபிஸில் திறக்கும், அந்த எழுத்துருக் கோப்பையும் லினக்ஸில் நிறுவிக்கொண்டால். யூனிகோடில் அடிக்க ரெங்கநாதன் விசைப்பலகையும் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகக் கிடைக்கிறது. தொல்லை தருவது பிரிண்டர். கெனன் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் பிரிண்டர்களை லினக்ஸில் வேலைசெய்ய வைப்பது பெரும்பாடு. ஆகவே நிறுவுவதற்கு முன், பென்டிரைவில் இருந்தே லினக்ஸைத் திறந்து ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள், வைபையையும் ஒலியையும் சோதியுங்கள். டிஸ்கில் உள்ள எதையும் அது தொடாது.

பென்டியம் 4இன் ஆரம்ப காலக் கணினிகளைப் போன்ற 32 பிட் இயந்திரங்களுக்கு வழி ஒடுங்கிவிட்டது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13, அவற்றுக்கான நிறுவலைக் கைவிட்டது. 2025 நவம்பரில் பயர்பொக்ஸ் 145உம் 32 பிட் லினக்ஸை விட்டது. அப்படிப்பட்ட கணினியை இணையத்தில் இருந்து துண்டித்து, கடிதம் அடிக்கவும் கணக்கு வைக்கவும் மட்டும் வைத்திருக்கலாம். வங்கிக் கணக்கை அதில் திறக்கவே கூடாது.