மடக்குக் கத்தி: பூட்டும் பிடியும்

மளிகைக் கடையில் தராசுக்கு அடுத்தபடியாக அடிக்கடி கைக்கு வருவது கத்திதான். மூட்டையின் தையல் நூலை அறுக்க, அட்டைப் பெட்டியின் பிளாஸ்டிக் பட்டையை நறுக்க, கயிறு துண்டு போட என்று காலையில் கடை திறந்தது முதல் இரவு வரை அதற்கு வேலை இருக்கிறது. நம்மில் பலர் இதற்கு மடக்குக் கத்தியையே வைத்திருக்கிறோம். சட்டைப் பையில் அடங்கும். கல்லாப் பெட்டியிலும் போட்டு வைக்கலாம்.

ஆனால் வாங்கும்போது பளபளப்பையும் விலையையும் பார்க்கும் அளவுக்கு, பூட்டையும் பிடியையும் நாம் பார்ப்பதில்லை. மடக்குக் கத்தியால் நேரும் மோசமான காயம் இரண்டு வகை. ஒன்று, விரித்த அலகு வேலையின் நடுவே மடங்கி விரல்களின் மேல் விழுவது. மற்றொன்று, கை முன்னே வழுக்கி அலகின் மேல் போவது. முதலாவதைத் தடுப்பது பூட்டு. இரண்டாவதைத் தடுப்பது பிடி. விரலின் உள்நரம்பு அறுந்துவிட்டால் வேலையாளுக்குப் பல வாரம் பிழைப்பு போய்விடும். விரல் பழையபடி மடங்காமலும் போகலாம். எனவே இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

அலகு ஏன் மடங்குகிறது?

இழுத்து அறுக்கும்போது அழுத்தம் வெட்டுவாயின் மேல் விழுகிறது. அது அலகை மேலும் விரிக்கவே பார்க்கும், ஆபத்தில்லை. முனையால் குத்தித் துளைக்கும்போதும், சாக்கில் மாட்டிக்கொண்ட கத்தியை முறுக்கி உருவும்போதும் அழுத்தம் முதுகுப் பக்கம் திரும்புகிறது. அலகு மடங்குவது அப்போதுதான்.

பூட்டு வகைகள்

1. பூட்டில்லாத ஸ்பிரிங் கத்தி: பிடியின் முதுகில் உள்ள எஃகுப் பட்டை அலகின் அடிப்பாகத்தை அழுத்திக்கொண்டிருக்கும். திறந்தாலும் மடக்கினாலும் 'டக்' என்று நிற்கும். இது பூட்டு அல்ல; முதுகில் பலமாக அழுத்தினால் மடங்கிவிடும். பல கருவிகள் கொண்ட சிறிய சுவிஸ் கத்திகளில் காண்பது இந்த முறையே. நூல் அறுக்கவும் காகிதம் கிழிக்கவும் போதும்; குத்தித் துளைக்கும் வேலைக்கு ஆகாது.

2. வளையப் பூட்டு: பிடியின் தலைப்பில் பிளவுள்ள எஃகு வளையம் இருக்கும். அலகை விரித்தபின் வளையத்தைத் திருகினால் பிளவு நகர்ந்து அலகின் வழி அடைபடும். பிரான்ஸ் நாட்டு ஒப்பினெல் கத்தியில் 1955-ஆம் ஆண்டு வந்த அமைப்பு இது. எளியது, உறுதியானது. வளையத்தைத் திருக மறந்தால் மட்டும் பூட்டு இல்லாத கத்திதான்.

3. முதுகுப் பூட்டு: பிடியின் முதுகில் ஏற்றப்பலகை போல ஆடும் ஒரு தண்டு உண்டு. அதன் கொக்கி அலகின் அடியில் உள்ள பள்ளத்தில் விழுந்து பிடிக்கும். பின்பக்கம் அழுத்தினால் விடும். அமெரிக்காவின் பக் கம்பெனி 1960-களில் கொண்டுவந்த 110 என்ற கத்தியால் இது பெயர் பெற்றது. பலமான பூட்டு. ஆனால் மாவுத் தூளும் வெல்லப் பிசுக்கும் அந்தப் பள்ளத்தில் சேர்ந்தால் கொக்கி முழுவதும் இறங்காது. நம் கடைகளில் இதை அவசியம் சுத்தம் செய்ய வேண்டும்.

4. உள்தகட்டுப் பூட்டு: பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு, அலகு விரிந்ததும் பக்கவாட்டில் பாய்ந்து அதன் அடியில் முட்டுக் கொடுக்கும். 1980-களில் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் திருத்தியமைத்த பிறகு பரவியது. ஒரே கையால் திறந்து மூடலாம். மறு கையில் மூட்டையைப் பிடித்திருப்பவருக்கு வசதி. ஆனால் மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் நிற்கிறது. விரலை விலக்கிய பிறகே முழுவதும் மூட வேண்டும். மலிவுச் சரக்கில் தகடு மெலிந்திருந்தால் அழுத்தத்தில் நழுவும்.

பிடி வகைகள்

நம் கை பாதி நேரம் எண்ணெய்க் கை அல்லது ஈரக் கை. ஆகையால் பூட்டைப் போலவே பிடியும் முக்கியம். வழவழப்பான ஸ்டீல் பிடி பார்க்க அழகு. நல்லெண்ணெய் பட்டால் வழுக்கும். மரப் பிடி கைக்கு இதமாக இருக்கும். தண்ணீரில் ஊறினால் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும். கொம்புப் பிடி வெயிலிலும் ஈரத்திலும் மாறி மாறிக் கிடந்தால் வெடிக்கும். சொரசொரப்பான நைலான், பிளாஸ்டிக் பிடிகள் அழகில்லாவிட்டாலும் மளிகைக் கடைக்கு ஏற்றவை.

வடிவத்தில் பார்க்க வேண்டியது மூன்று. நான்கு விரலும் முழுமையாகப் பிடிக்கும் நீளம் வேண்டும். அலகை ஒட்டிய இடத்தில் விரலைத் தடுக்கும் சிறு மேடு வேண்டும். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிடி ஒரு அளவுக் கைக்கே பொருந்தும். பலர் எடுத்து ஆளும் கடைக்கு அது வேண்டாம். பளிச்சென்ற நிறமும் கயிறு கட்ட ஒரு துளையும் இருந்தால், கத்தி அரிசி மூட்டைக்குள் விழுந்து காணாமல் போகாது.

வாங்கும்போது சோதனை

அலகை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. பூட்டுள்ள கத்தியானால், விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டு அசைந்தால் அந்தக் கத்தி வேண்டாம். அச்சில் திருகாணி இருந்தால் தளரும்போது முடுக்கிக்கொள்ளலாம். அடித்து இறுக்கிய ஆணியில் அது எளிதல்ல. உப்பும் புளியும் புழங்கும் இடத்தில் சாதாரண எஃகு விரைவில் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் மேல். அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசின் போல் ஒட்டிக்கொள்ளும். சாக்குக்கு ஒன்று, தின்பண்டத்துக்கு ஒன்று எனக் கத்தியைப் பிரித்து வைப்பதும் நல்லது.

விற்பவர்கள் கவனத்துக்கு

ஆயுதச் சட்டத்தின் கீழான 2016-ஆம் ஆண்டு விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக் கத்திகள் ஆயுத வகையில் சேர்க்கப்பட்டுள்ளன. வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் இவற்றுக்காகச் செய்யப்பட்டவை அதில் சேரா. பட்டனை அழுத்தினால் பாயும் கத்தி விஷயத்தில் டெல்லி போன்ற இடங்களில் இதைவிடச் சிறிய அளவுக்கே தடை உண்டு. மளிகைக் கடைக்கு அப்படிப்பட்ட சரக்கே தேவையில்லை.

நாங்கள் மொத்தமாகக் கொடுக்கும்போது முதலில் கேட்பது, "என்ன வேலைக்கு?" என்பதையே. நூல் அறுக்க மட்டும் என்றால் ஸ்பிரிங் கத்தி போதும். மூட்டையும் பெட்டியும் என்றால் முதுகுப் பூட்டோ வளையப் பூட்டோ கொடுக்கிறோம். உறுப்பினர்களும் தங்கள் வாடிக்கையாளரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு, பூட்டுவதையும் மூடுவதையும் ஒருமுறை செய்து காட்டிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அரை நிமிட வேலைதான். ஒருவர் விரலைக் காக்கும்.