தொப்பிக்குள் ஒரு கண்

1928-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் ஒரு கோர்ட்டில் கொலை வழக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தது. உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. ஆனாலும் விசாரணைப் படங்கள் பத்திரிகையில் வெளிவந்துவிட்டன! எடுத்தவர் பார்வையாளர்களிடையே அமர்ந்திருந்த ஒரு கனவான். காமிரா இருந்த இடம் துளையிட்ட அவருடைய தொப்பி!

அந்தக் கனவானின் பெயர் டாக்டர் எரிக் ஸாலமன். வைத்திய டாக்டர் அல்ல. சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். 1886-ல் பெர்லினில் பிறந்தவர். படம் பிடிக்கத் தொடங்கியபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

தொப்பியில் காமிராவை ஒளிப்பது பெரிய வித்தை அல்ல. மங்கலான அறையில் படம் விழச் செய்தாரே, அதுதான் வித்தை. அந்நாளில் அறைக்குள் படம் எடுப்பவர்கள் மக்னீஷியப் பொடியைக் கொளுத்துவார்கள். பளீரென்று ஒரு மின்னல். அறை முழுவதும் புகை. படத்தில் இருப்பவர்களெல்லாம் பேயைக் கண்டவர்கள் போல் விழித்துக்கொண்டிருப்பார்கள்!

ஸாலமனுக்குக் கைகொடுத்தது 1924-ல் டிரெஸ்டன் நகரில் வெளியான ‘எர்மனாக்ஸ்’ காமிரா. அதன் லென்ஸின் எண் 2, பிறகு 1.8 ஆயிற்று. லென்ஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கை: எண் சிறிதானால் கண் பெரிது. 4.5 எண்ணுள்ள லென்ஸைக் காட்டிலும் 2 எண்ணுள்ளது சுமார் ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

அதுவும் போதாது என்னும்போது, ஸாலமனிடம் பொறுமை இருந்தது. பேசுகிறவர் கையை வீசி முடித்து ஒரு கணம் அசையாமல் நிற்பார் அல்லவா? அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பார். 1930-ல் ஹேக் நகரில், ஜெர்மனி தர வேண்டிய யுத்த நஷ்ட ஈட்டைப் பற்றி நள்ளிரவு தாண்டியும் பேசிக் களைத்துச் சோபாவில் சாய்ந்திருந்த மந்திரிகளை அவர் இப்படித்தான் பிடித்தார்.

இந்தச் சாமர்த்தியம் நமக்கும் வரும். கையில் பிடித்து எடுக்கும் படம் கலங்குவதற்குக் காரணம் இரண்டு: நம் கை ஆடுவது, எதிரே இருப்பவர் ஆடுவது. 50 மில்லிமீட்டர் லென்ஸானால், ஸெகண்டில் 50-ல் ஒரு பங்குக்கு மேல் ஷட்டர் திறந்திருந்தால் கை நடுக்கம் தெரிந்துவிடும் என்பது பழைய கணக்கு. அதற்கு மேலும் நேரம் வேண்டுமானால் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். சுவரிலோ தூணிலோ சாய்ந்துகொள்ளுங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானை வெடுக்கென்று குத்தாமல் மெதுவாக அமுக்குங்கள். நாலைந்து படம் சேர்ந்தாற்போல் எடுத்தால் ஒன்றாவது தேறும். இன்னொரு தந்திரமும் உண்டு. காமிராவின் அடித் துவாரத்தில் பொருந்தும் திருகாணியில் கயிறு கட்டி, மறு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, காமிராவை மேலே இழுத்துப் பிடித்தால் ஆட்டம் அடங்கும்.

இன்றைய கைப்பேசிகள் பல, இருட்டில் அடுத்தடுத்துச் சில படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடுகின்றன. கை ஆட்டத்தை அவை ஓரளவு சரிக்கட்டும். துள்ளி ஓடும் குழந்தையை நிறுத்த அவற்றால் ஆகாது! விளக்கடியில் அது கதைப் புத்தகத்தில் மூழ்கும் வரை நாம்தான் காத்திருக்க வேண்டும்.

காத்திருந்து எடுத்தவரின் கதை சோகமானது. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். யூதரான ஸாலமன் மனைவியின் தாய்நாடான ஹாலந்துக்குப் போய்ச் சேர்ந்தார். யுத்தத்தில் ஹாலந்தும் வீழ்ந்தது. 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் அவரும் மனைவியும் ஒரு மகனும் கொல்லப்பட்டார்கள். இங்கிலாந்தில் இருந்ததால் தப்பிய மற்றொரு மகன், யுத்தம் ஓய்ந்தபின் தந்தையின் படங்களைத் தேடிச் சேர்த்தார். அவற்றில் ஹேக் நகரத்து மந்திரிகள், வரப்போவது எதுவும் அறியாமல், அதே மங்கிய வெளிச்சத்தில் இன்னும் கண்ணயர்ந்திருக்கிறார்கள்.