வாஜிபும் மும்கினும்

மெய்யியல் என்றவுடன், "அது யவனர் சரக்கு; தீனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என வினவும் பெரியோர் நம் சமுதாயத்தில் உளர். "இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அதனை அன்றே வீழ்த்திவிட்டார்கள்" என்பதும் அவர்தம் கூற்று. அதே செய்தியை இமாம் மீது குறையாகச் சுமத்துவோரும் உண்டு. இரு சாராரும் அஷ்அரிய்யா வழியில் அகீதா ஓதுவோர் பயிலும் மூன்று சொற்களை எண்ணிப் பார்த்தல் நலம்: வாஜிபு, முஸ்தஹீல், ஜாயிஸ்.

இங்கே வாஜிபு என்பது ஃபிக்ஹு நூல்கள் சுட்டும் 'கட்டாயக் கடமை' அன்று. மாணவர் பலர் இவ்விடத்தில் இடறக் கண்டுள்ளேன். இல்லாதிருக்க இயலாதது வாஜிபு. இருக்கவே இயலாதது முஸ்தஹீல். இருக்கவும் இல்லாதிருக்கவும் கூடுவது ஜாயிஸ். இம்மூன்றாவதனையே மெய்யியலார் மும்கின் என்பர்.

இப்பாகுபாட்டினைத் தம் சிந்தனைக்குக் கடைக்காலாக்கியவர் புகாராவுக்கு அருகே பிறந்த இப்னு சீனா (980–1037). முக்கோணம் இன்னதென ஒருவன் செவ்வனே அறியலாம். ஆயினும் அத்தகைய ஒன்று உலகில் உண்டா என்பது அவ்வறிவினால் விளங்காது. ஆகவே, ஒரு பொருள் 'இன்னது' என்பது வேறு. அது 'உண்டு' என்பது வேறு. மரமும் மலையும் மாந்தரும் இத்தகையோரே. உண்மைக்கும் இன்மைக்கும் இடையே துலாக்கோலின் நா போல் நிற்கும் இவற்றை ஒருபால் சாய்க்கப் புறத்தே ஒரு காரணம் வேண்டும். அக்காரணமும் மும்கினாயின் அதற்கும் ஒரு காரணம் வேண்டும். இத்தொடர் முடிவின்றி நீண்டாலும் முழுத்தொடரும் மும்கின்களின் தொகுதியே. ஆதலின் அதற்கு அப்பால், தன்னாலேயே உள்ளதாகிய ஒன்று இருந்தே தீரவேண்டும். அதுவே 'வாஜிபுல் வுஜூத்'.

அவ்வாறாயின் கஸ்ஸாலி (1058–1111) எதிர்த்தது எதனை? பக்தாது நிஜாமிய்யாவில் ஆசிரியராக விளங்கிய காலத்தில் அவர்கள் இயற்றிய 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' 20 கொள்கைகளை ஆராய்கின்றது. அவற்றுள் மூன்றினையே குஃப்ர் எனத் தீர்ப்பளித்தார்கள்: உலகம் தொடக்கமற்றது என்பது, இறைவன் பொதுமைகளையன்றித் தனிப்பொருள்களை அறியான் என்பது, மறுமையில் உடல்கள் எழுப்பப்படா என்பது. முதலாவதில்தான் வழக்கின் ஆணிவேர் உள்ளது. இப்னு சீனாவின் கருத்தில் உலகம், ஞாயிற்றினின்று ஒளி பெருகுதல் போல, இறைவனிடமிருந்து தொடக்கமின்றி வெளிப்படுகின்றது. அங்ஙனமாயின் 'இறைவன் நாடினான். படைத்தான்' என்னும் நம்பிக்கை என்னாவது? நாட்டமற்ற ஒன்றினைச் செயல் எனல் தகுமோ என்பதே இமாம் எழுப்பிய வினா. ஈமானின் உயிர்நிலையைத் தொடும் வினா அது.

குர்துபாவின் காழியாகவும் விளங்கிய இப்னு ருஷ்து (1126–1198) 'தஹாஃபுத்துத் தஹாஃபுத்' எழுதி விடையிறுத்தார். அவ்விடையால் வழக்குத் தீர்ந்ததாகச் சொல்வதற்கில்லை.

கஸ்ஸாலி அளவை நூலை விலக்கவில்லை. உஸூலுல் ஃபிக்ஹுக் கலையில் தாம் யாத்த 'அல்முஸ்தஸ்ஃபா'வின் முகப்பிலேயே மன்திக்கினை அமைத்தார்கள்; அதனைத் தேராதவரின் கல்வியை நம்பற்கில்லை என்றும் உரைத்தார்கள். வீழ்த்தியவர் செய்யும் செயலா இது? அவர்களுக்குப் பின் ஃபக்ருத்தீன் ராஸி (இறப்பு 1210) இப்னு சீனாவின் நூலுக்கு விரிவுரை வரைந்து, மறுக்க வேண்டியதை மறுத்து, கொள்ள வேண்டியதைக் கலாம் கலைக்குள் கொணர்ந்தார். 1490இல் மறைந்த திலிம்ஸானின் இமாம் ஸனூஸி, பொதுமக்களும் ஓதுதற்குரிய சிறு அகீதா நூலொன்று இயற்றினார். 'உம்முல் பராஹீன்' எனப்படும் அந்நூலின் வாயிலில் நிற்பவை, அறிவின் தீர்ப்பு வகைகளாகிய வாஜிபு, முஸ்தஹீல், ஜாயிஸ் என்னும் அம்மூன்று சொற்களே.