மழைக்கு ஒன்பதாம் நாள் பூக்கும் புறா ஆர்க்கிட்

மாணவர்களே, சுங்கை காடுட் வட்டாரத்தில் பழைய தூங்குமூஞ்சி மரமோ மாமரமோ இருந்தால், அதன் கிளைகளை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தோட்டத்து லயங்களின் ஓரத்திலும் சாலையோரத்திலும் நிற்கும் இத்தகைய மரங்களில், மெலிந்த குச்சிகளைக் கட்டி வைத்ததுபோல் ஒரு செடி ஒட்டிக்கொண்டிருக்கும். பல நாள்களுக்கு அதில் ஒரு பூவும் இராது. திடீரென ஒரு நாள் காலையில் கிளை முழுவதும் வெள்ளைப் பூக்கள் மலர்ந்து மணம் வீசும். அடுத்த தாமானில் உள்ள செடியும் அதே நாளில் பூத்திருக்கும். மறுநாள் எல்லாமே வாடித் தொங்கும்.

இதுதான் புறா ஆர்க்கிட். மலாயில் அங்கிரிக் மெர்பாத்தி என்பார்கள். பூவைப் பக்கவாட்டில் பார்த்தால் சிறகு விரித்துப் பறக்கும் புறாபோலத் தெரியும். இதன் அறிவியல் பெயர் டென்ட்ரோபியம் குருமெனாட்டம். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஓலோஃப் சுவார்ட்ஸ் 1799ஆம் ஆண்டில் டென்ட்ரோபியம் என்ற பேரினத்திற்குப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் ‘டென்ட்ரான்’ என்றால் மரம், ‘பயோஸ்’ என்றால் வாழ்வு. மரத்தில் வாழ்வது என்பதே பெயரின் பொருள். மரத்தில் வாழ்ந்தாலும் இது ஒட்டுண்ணி அன்று. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. வேர்களைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரை உறிஞ்சிக்கொள்கிறது. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறத்தில் இருக்கும் வேர், நனைந்ததும் பச்சையாகத் தெரிவது இதனால்தான்.

எல்லாச் செடிகளும் ஒரே நாளில் பூப்பது எப்படி?

புறா ஆர்க்கிட்டின் மொட்டுகள் ஓரளவு வளர்ந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். வெயில் கொளுத்தும் பிற்பகலில் பெருமழை கொட்டினால் காற்றின் வெப்பநிலை சட்டென இறங்கும். ஏறக்குறைய 5 பாகை செல்சியசுக்கு மேல் இறங்கினால், உறங்கிய மொட்டுகள் எல்லாம் ஒன்றாக மீண்டும் வளரத் தொடங்கும். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் பூக்கள் விரியும். அதாவது, பூக்கும் நாளைக் குறிப்பது மழையின் ஈரம் அன்று, அது கொண்டுவரும் குளிர்ச்சி.

இதனால் செடிக்கு என்ன நன்மை? டென்ட்ரோபிய இனங்களில் பல, தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். ஒரு நாள் மட்டுமே வாழும் பூ, அயல்செடி பூக்காத நாளில் மலர்ந்தால் வீணாகிவிடும். ஊர் முழுவதும் ஒரே நாளில் பூத்தால், தேனீக்கள் ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்கு மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும்.

1925 முதல் 1949 வரை சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஆர். ஈ. ஹோல்டம், மலாயாவின் ஆர்க்கிட்டுகளைப் பற்றி 1953ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே குளிர்ச்சிக்குப் பிறகு ஓர் இனம் எட்டாம் நாளிலும், வேறோர் இனம் ஒன்பதாம் நாளிலும், மற்றொன்று பத்தாம் அல்லது பதினோராம் நாளிலும் பூப்பதை அவர் பதிவு செய்தார். ஒரே மரத்தில் வாழ்ந்தாலும் ஒருநாள் இடைவெளி இருப்பதால் அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை. புதிய இனங்கள் எவ்வாறு தனித்தனியே நிலைபெறுகின்றன என்பதை விளக்க உயிரியலாளர்கள் இதை எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு.

அடையாளம் காண மூன்று சோதனைகள்

டென்ட்ரோபியம் பேரினத்தில் 1,500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பூவின் நிறத்தை மட்டும் பார்த்தோ, கைப்பேசியில் ஒரே ஒரு படம் எடுத்தோ பெயர் சொன்னால் தவறிவிடும். மூன்றையும் சரிபாருங்கள்.

முதலாவது, தண்டு. புறா ஆர்க்கிட்டின் தண்டில் அடிப்பகுதி பருத்து, வரிப்பள்ளங்களுடன் இருக்கும். நடுப்பகுதியில் தடித்த இலைகள் இரண்டு வரிசையாக இருக்கும். மேல்பகுதி இலையின்றி மெலிந்து நீண்டிருக்கும். பூக்கள் அங்குதான் வரும்.

இரண்டாவது, மோவாய். பூவின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டுப் புல்லிதழ்கள் அடியில் இணைந்து, மோவாய்க்கட்டைபோல் துருத்திக்கொண்டிருக்கும். இது டென்ட்ரோபியப் பேரினத்தின் முக்கிய அடையாளம். கடையில் கிடைக்கும் வெள்ளை ஃபெலனாப்சிஸ் பூவில் இந்த மோவாய் இராது. அதன் செடியில் உயரமான தண்டும் இராது, அகன்ற இலைகள் அடியிலேயே நெருக்கமாக இருக்கும்.

மூன்றாவது, நாள்காட்டி. குளிர்ந்த மழை பெய்த நாளையும் பூத்த நாளையும் குறித்து வையுங்கள். ஒன்பது நாள் இடைவெளியும் ஒருநாள் ஆயுளும் சேர்ந்து வந்தால், முதல் இரண்டு சோதனைகளின் முடிவு உறுதியாகும். சிறிய இளஞ்சிவப்புப் பூக்கள் ஒரு பக்கமாக மட்டும் நெருங்கி, பல் துலக்கும் தூரிகைபோல் நின்றால் அது டென்ட்ரோபியம் செகுண்டம் என்ற வேறோர் இனம். வாரக்கணக்கில் வாடாத ஊதாப் பூங்கொத்து என்றால், அது பெரும்பாலும் நாற்றங்காலில் உருவாக்கிய கலப்பினம்.

கடைச் சீட்டைப் படிக்கவும் ஒரு வழி உண்டு. இனப் பெயரில் இரண்டாவது சொல் சிறிய எழுத்தில் தொடங்கும். ‘டென்ட்ரோபியம் சோனியா’ என்பதில் சோனியா பெரிய எழுத்தில் தொடங்குவதால், அது காட்டு இனம் அன்று, கலப்பினம் என்று தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் வளர்ப்போம்

இதற்கு மண் வேண்டாம். மண்ணில் நட்டால் வேர் அழுகும். மரக்கரித் துண்டுகளும் உடைந்த செங்கலும் நிரப்பிய, துளையுள்ள சட்டியில் வைக்கலாம். மரக்கட்டையிலோ தேங்காய் மட்டையிலோ பருத்தித் துணிப் பட்டையால் கட்டியும் தொங்கவிடலாம். காலை வெயிலும் நல்ல காற்றோட்டமும் கிடைக்கட்டும். வேர் வெள்ளி நிறமானதும் தண்ணீர் ஊற்றுங்கள். சட்டியின் அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். பழைய தண்டின் நுனியில் வேருடன் குட்டிச் செடி முளைத்தால், அதைப் பிரித்துத் தனியே வளர்க்கலாம். குளிரூட்டி எப்போதும் ஓடும் அறைக்குள் வைத்துவிட்டால் வெயிலும் மழையும் மாறிவரும் சூழல் கிடைக்காது. எனவே வெளியில் வைப்பதே நல்லது.

இதை ஓர் ஆய்வாகவும் செய்யலாம். இரண்டு செடிகளில் ஒன்றை வெளியிலும் மற்றொன்றை வெப்பநிலை அதிகம் மாறாத அறையின் சன்னலோரத்திலும் வைத்து, தினமும் வெப்பமானியைப் பார்த்து எழுதுங்கள். வெப்பநிலை வீழ்ச்சி தற்சார்பு மாறி. பூக்கும் நாள் சார்பு மாறி. செடியின் அளவும் ஊற்றும் நீரும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். வெளிச்சம் இரண்டு இடங்களிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

எங்கிருந்து எடுப்பது?

ஆர்க்கிட்டின் விதை தூசியைவிடச் சிறியது. அதில் சேமித்த உணவு கிடையாது. முளைப்பதற்கு ஒரு வகைப் பூஞ்சையின் துணை வேண்டும். ஆகவே ஒரு மரம் வெட்டப்படும்போது, அதில் பல ஆண்டுகளாக வளர்ந்த ஆர்க்கிட்டுகளும் போய்விடுகின்றன. தோட்ட நிலம் வீடமைப்புப் பகுதியாக மாறும் இடங்களில் இந்த இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

நிற்கும் மரத்தில் ஏறிச் செடியைப் பிய்க்காதீர்கள். காட்டிலிருந்தும் எடுக்காதீர்கள். வெட்டி வீழ்த்திய மரத்தில் செடி இருந்தால், பெரியவர் ஒருவருடன் சென்று, நில உரிமையாளரிடம் கேட்டு எடுத்து வாருங்கள். எடுத்த இடம், மரத்தின் பெயர், தேதி ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டியில் கட்டுங்கள். இனத்தின் பெயரை உறுதி செய்த பிறகே எழுதுங்கள். அதுவரை ‘டென்ட்ரோபியம்’ என்று மட்டும் எழுதினால் போதும். சீட்டு இல்லாத செடி வீட்டுக்கு அழகு. சரியான சீட்டு உள்ள செடியோ, அந்த மரம் மறைந்த பிறகும், அங்கே எது வாழ்ந்தது என்பதற்குச் சான்றாக இருக்கும்.